மூப்பெய்திய கணினியும் அதற்குரிய வைத்தியமும்

நமது கல்லூரியின் விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவனிடம் கட்டுரை வேண்டுவோர், சங்க நூல்களைப் பற்றியோ சமய குரவரைப் பற்றியோ அவன் எழுதுவான் என்றே எதிர்பார்ப்பர். யான் எடுத்துக்கொண்ட பொருளோ கணினி. அதுவும் புதிய கணினியன்று. வீட்டின் மூலையிலே துணி போர்த்து வைக்கப்பட்டு, "இஃது இனி உதவாது" என்று கைவிடப்படும் நிலையிலுள்ள பழைய கணினி. இதனை எடுத்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. அதனை முதலிற் கூறுவேன்.

2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதக் கடைசியில், மாணவி ஒருத்தியின் தந்தையார் பாடசாலை விட்டபின் என்னைக் காண வந்தார். அவர் ஒரு கமக்காரர். குளத்தின்கீழ் வயல் செய்பவர். காலபோக விதைப்புக் காலமாதலின், விதைநெல்லுக்கும் உழவு கூலிக்கும் பணம் வேண்டிய மாதம் அது. "சேர், பிள்ளையின் கொம்பியூட்டர் முடிந்துபோயிற்றாம். விண்டோசும் இனி வராதாம். புதிது எடுக்கச் சொல்லுகிறார்கள். மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைக்கலாமோ என்று யோசிக்கிறேன்" என்றார்.

அந்த மடிக்கணினி, 2020ஆம் ஆண்டிலே பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புக்கள் இணையவழியாக நடைபெற்றபோது, பிறர் பாவித்ததைக் குறைந்த விலைக்கு அவர் வாங்கியது. ஆளியை அமுக்கினால் திரை தெளிய எட்டு நிமிடஞ் செல்லும் என்றார். "முடிந்தது" என்று தீர்ப்புரைத்தவர் அதனைத் திறந்து பார்த்தாரோ என்று வினவினேன். இல்லை என்றார். திறந்து பாராமலே கூறப்பட்ட அத்தீர்ப்பே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இவ்வாறு தீர்ப்புப் பெற்ற கணினிகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் உள்ளன. 2009இன் பின் மீளக் குடியேறி, கூரையும் கிணறும் ஒருவாறு அமைத்து, அதன்பின் மிச்சம் பிடித்த பணத்திலே பிள்ளைகளுக்கென வாங்கியவை அவை. மீண்டும் வாங்குவது எளிதன்று. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அணுகிற்று. கணினியோ முற்றாக இறக்குமதிப் பண்டம். ஆதலின், பழையதை விட்டுப் புதியதை எடு என்னும் புத்திமதி, கூறுவோர்க்கு எளிது. கேட்போர்க்கு அது தாலிக்கொடியின் விலை.

வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்திலே வைத்தியனுக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். நோயை அறிதல் முதலாவது, அது தோன்றிய காரணத்தை அறிதல் இரண்டாவது, தணிக்கும் வழியை அறிதல் மூன்றாவது, அதன்பின்னரே செயல். கணினிக்கும் இவ்வொழுங்கே பொருந்தும். அவ்வொழுங்கிலேயே யானும் செல்வேன்.

நோய்

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். மனிதர் முதுமையால் தளர்வதுபோலக் கணினியும் தளர்கின்றது என்று நாம் எண்ணுகின்றோம். உண்மை அவ்வாறன்று. 2013ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட செயலி, அது பழுதுறாமலும் மிகச் சூடேறாமலும் இருப்பின், அன்று எவ்வளவு விரைவாகக் கணித்ததோ இன்றும் அவ்வளவு விரைவாகவே கணிக்கும். அப்படியாயின் கணினி மெல்ல நடப்பது ஏன்? அதன் உறுப்புக்களுள் ஒன்று ஏனையவற்றைக் காத்திருக்கச் செய்கின்றது; அல்லது அதன்மேல் ஏற்றப்பட்ட சுமை கூடிவிட்டது. இவ்விரண்டுள் எது என்று காண்பதே நோயறிதல்.

இதற்கு வைத்தியரைத் தேடி ஓடவேண்டியதில்லை. விண்டோஸ் உள்ள கணினியிலே கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அமுக்கினால் ஓர் அட்டவணை தோன்றும். அதனை முழுவிவரமும் காட்டும்படி விரித்தால், செயலி, நினைவகம், வட்டு ஆகியவை ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை பங்கு வேலையில் ஈடுபட்டுள்ளன என்பது தெரியும். கணினி திக்குமுக்காடும் வேளையில் எது நூறை எட்டி நிற்கின்றதோ அதுவே நோயுள்ள இடம். நாடி பிடித்துப் பார்ப்பதற்கு ஒப்பானது இது.

நோயின் காரணம்

காரணங்கள் பெரும்பாலும் நான்கு.

முதலாவது, வன்தட்டு. பழைய கணினிகளில் தகவல்கள் சுழலுகின்ற தட்டிலே காந்தப் பதிவாக இருக்கின்றன. மடிக்கணினிகளில் அத்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். வெவ்வேறிடங்களிற் சிதறிக்கிடக்கும் தகவல்களைப் படிக்க, ஒரு சிறு கை அங்குமிங்கும் அசைந்து, தட்டின் உரிய இடம் சுழன்று வரும்வரை காத்திருத்தல் வேண்டும். ஒருமுறை தேடி எடுக்க ஒரு செக்கனின் நூற்றிலொரு பங்களவு நேரம் செல்லும். செயலிக்கோ அந்நேரம் ஒரு யுகம். கணினி விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்களைப் படிக்க வேண்டியிருத்தலின், அந்த எட்டு நிமிடத்தின் பெரும்பகுதி எங்கே சென்றது என்பது இப்போது விளங்கும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழல்வதும் இல்லை, அசைவதும் இல்லை. ஒரு செக்கனில் ஆயிரக்கணக்கான தேடல்களை அது முடிக்கும்.

இரண்டாவது, தற்காலிக நினைவகம். கடைக்காரர் இதனை ராம் என்பர். வன்தட்டு அலுமாரி எனின், இது மேசை. அலுமாரியிலுள்ள புத்தகத்தை மேசையில் வைத்தே படிக்கலாம். மேசை சிறிதாயிருக்கப் புத்தகங்கள் பலவானால், ஒன்றை எடுக்க மற்றொன்றை அலுமாரியில் வைத்துவிட்டு வரவேண்டும். 4 கிகாபைற்று நினைவகமுள்ள கணினியில் இணைய உலாவியின் பத்துப் பக்கங்களை ஒருங்கே திறந்து வைப்பவர் இவ்வலைச்சலையே கணினிக்குக் கொடுக்கின்றார். அலுமாரி மெதுவான வன்தட்டாகவும் இருந்துவிட்டால் துன்பம் இரட்டிப்பாகும்.

மூன்றாவது, சூடு. செயலி அளவுக்குமேற் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். நமது வன்னியின் கோடைப் புழுதி எத்தகையதென்பதை நாம் அறிவோம். அப்புழுதி காற்றாடியிலும் அதன் வழியிலும் கம்பளிபோலப் படியும். செயலிக்கும் வெப்பத்தை வாங்கும் உலோகத்துக்கும் இடையே பூசப்பட்ட பசையும் ஆண்டுகள் செல்ல உலர்ந்துவிடும். மெத்தையின்மேல் வைத்துப் பாவித்தால் மூச்சுத் துவாரமும் அடைபடும். காலையில் நன்றாக நடந்து, பிற்பகலிற் களைக்கும் கணினியின் நோய் பெரும்பாலும் இதுவே.

நான்காவது, மென்பொருளின் பாரம். இது கணினியின் குற்றமன்று. சில்லு ஒன்றில் அமைக்கப்படும் உறுப்புக்களின் தொகை ஆண்டுதோறும் இரட்டிக்கின்றது என்று கோடன் மூர் என்பவர் 1965இல் எடுத்துக்காட்டினார். 1975இல் அதனை ஈராண்டுக்கு ஒருமுறை எனத் திருத்தினார். இவ்வளவு வேகம் பெருகியும் நம் வேலை விரையாதது ஏன் என்று வினவியவர், பாஸ்கல் என்னும் கணினி மொழியை ஆக்கிய சுவிற்சலாந்து அறிஞர் நிக்கிலஸ் வேர்த். வன்பொருள் விரைவதிலும் பார்க்க வேகமாக மென்பொருள் மந்தமாகி வருகின்றது என்பது 1995இல் அவர் வெளியிட்ட கருத்து. வண்டி வலுப்பெறுந்தோறும் மூட்டையைக் கூட்டிக்கொண்டே போனால் மாடு எங்ஙனம் விரையும்?

இவற்றோடு, நோய்போலத் தோன்றும் வேறொன்றுமுண்டு. தாய்ப்பலகையிலே காசளவான ஒரு சிறு பற்றரி இருக்கும். அது தீர்ந்தால், மின்னை நிறுத்தும்போதெல்லாம் கணினி நாளையும் நேரத்தையும் மறந்துவிடும். இணையத் தளங்கள் தமது உறுதிச் சான்றைத் திகதியோடு ஒப்பிட்டே திறக்கின்றனவாதலின், திகதி பிழைத்தாற் பல தளங்கள் திறவா. "இன்ரநெற் வேலை செய்யவில்லை" என்று கைவிடப்பட்ட கணினிகளுட் சிலவற்றுக்கு வேண்டியது இச்சிறு பற்றரி ஒன்றே.

விண்டோஸ் என்னும் யன்னல்

இனி, "விண்டோசும் வராதாம்" என்று அத்தந்தையார் கூறியதன் பொருளை ஆராய்வோம். மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 7 என்பதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2020ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதியோடும், விண்டோஸ் 10 என்பதற்கான இலவசத் திருத்தங்களை 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆந் திகதியோடும் நிறுத்தியது. வீட்டுப் பாவனையாளர் தனியே பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்ரோபர் 13 வரை திருத்தம் பெறலாம் என ஒரு தவணையும் அறிவித்தது. அந்நாளோடு கணினி நின்றுவிடுவதில்லை, முன்போலவே இயங்கும். ஆனால், யன்னலின் தாழ்ப்பாள் பழுதுபட்டால் திருத்துவார் இல்லை. அத்தகைய கணினியில் இணையத்திற் புகுந்து வங்கிக் கணக்கைத் திறத்தல் தகாது.

2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, பாதுகாப்புக்கான தனி வசதி ஒன்றையும், இன்ரெல் செயலியாயின் பொதுவாக எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன ஒன்றையும் வேண்டுகின்றது. அத்தலைமுறை 2017இலேயே வந்தது. ஆகவே 2016இற் செய்யப்பட்ட கணினி எத்துணை நலமாயிருப்பினும் அதற்குத் தகுதியில்லை என்று தள்ளப்படும்.

இவ்விடத்திலே நண்பர் ஒருவர் நன்னூலை எடுத்துக்காட்டி என்னை மடக்கினார். "பழையவை நீங்குதலும் புதியவை சேர்தலும் குற்றமல்ல என்று பவணந்தி முனிவரே கூறினாரன்றோ? பழங்கணினி நீங்குவதில் உமக்கென்ன வருத்தம்?" என்றார். வருத்தமில்லை. ஆனால் நன்னூலார் அதனைக் காலத்தின் இயல்பாகக் கூறினார். வழக்கில் யாரும் வழங்காத சொல் தானே ஒழிகின்றது. நாள்தோறும் வழங்கும் சொல்லை ஒருவர் வந்து, "நாளை முதல் இது செல்லாது" என்றால் அது காலத்தின் செயலாகாது. எனவே தானாகக் கழிந்தது எது, பிறராற் கழிக்கப்பட்டது எது என்று நாம் பிரித்தறிதல் வேண்டும்.

வைத்தியம்

எவ்வைத்தியத்துக்கும் முன், கோப்புக்கள் அனைத்தையும் வேறோர் இடத்திற் பிரதிசெய்து வைத்தல் வேண்டும். வன்னியிலே படங்களையும் பத்திரங்களையும் ஒருமுறை முற்றாக இழந்தவர்கள் நாம். இதனை நமக்கு வற்புறுத்திக் கூறவேண்டியதில்லை.

அடுத்தது துப்புரவு. மின்னிணைப்பை நீக்கி, பின்மூடியைத் திறந்து, மென்மையான தூரிகையால் புழுதியை அகற்றுக. காற்றூதும் கருவியைப் பாவித்தால் காற்றாடி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொள்க. வெப்பப் பசையை மாற்றுவதைக் கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுதல் நன்று. பல்லியும் எறும்பும் உள்ளே குடியிருத்தல் நம் நாட்டில் அரிதன்று.

மூன்றாவது, வட்டு நூறைத் தொட்டு நின்றால், வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துக. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டரை அங்குல வன்தட்டு இருந்த இடத்திலேயே அது அமரும். செய்யத்தக்க வைத்தியங்களுள் இதுவே மிகுந்த பயன் தருவது. கழற்றிய வன்தட்டைத் தூர வீசாது, ஓர் உறையில் இட்டுப் பிரதிகள் வைக்கப் பாவிக்கலாம்.

நான்காவது, நினைவகம் நிறைந்து நின்றால் அதனைக் கூட்டுக. 4 கிகாபைற்று 8 ஆயின் வீட்டு வேலைக்குப் போதும். டி.டி.ஆர். 3 வகை நினைவகம் டி.டி.ஆர். 4 இடத்திற் பொருந்தாது. ஆதலின் வகையறிந்து வாங்குக. 32 பிற்று விண்டோஸ் 4 கிகாபைற்றுக்கு மேற் பயன்படுத்தாது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

ஐந்தாவது, பணிசெயல் முறைமையை மாற்றுதல். பின்லாந்திலே எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், உலகெங்குமுள்ளோர் கூடி வளர்த்தது. அதன்மேல் அமைந்த லினக்ஸ் மின்ற், லுபுண்டு முதலியவற்றை இலவசமாகப் பெறலாம். விண்டோஸ் 11 தள்ளிவிட்ட கணினியை இவை ஏற்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் வந்துகொண்டிருக்கும். ஒரு பென் ட்ரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே நடத்திப் பார்க்கவும் இயலும். லிப்ரே ஒபிஸ் என்னும் இலவச மென்பொருளிலே கடிதம், அட்டவணை ஆகியவற்றை எழுதலாம்.

நம்மவர் கேட்கும் முதல் வினா, "தமிழ் எழுதலாமா?" என்பது. எழுதலாம். ஒருங்குறித் தமிழுக்குரிய விசைப்பலகை அமைப்புக்கள் அதில் உண்டு. நம் நாட்டிலே வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகையும் அவற்றுள் ஒன்று. பாமினி எழுத்தில் அடித்துவைத்த பழைய வினாத்தாள்களும், பாமினி எழுத்துருவை அதில் நிறுவினால் திறக்கும். குறையும் சொல்லவேண்டும். சில அச்சுப்பொறிகள் லினக்ஸோடு இணங்கா. விண்டோசுக்கெனவே செய்த சில மென்பொருள்கள் ஓடா. ஆதலின் முதலில் நடத்திப் பார்த்துப் பின் நிறுவுக.

மேற்கூறிய கமக்காரரின் வீட்டுக்கு, கணினி திருத்துந் தொழில் செய்யும் என் பழைய மாணாக்கர் ஒருவரை அழைத்துச் சென்றேன். நாடி பார்த்தோம், வட்டு நூறில் நின்றது. திறந்தோம், காற்றாடியிற் புழுதி அடைந்திருந்தது. எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிப் பொருத்தி, லினக்ஸ் மின்ற் நிறுவினோம். செலவு புதிய கணினியின் விலையிற் பத்திலொரு பங்கினுங் குறைவு. எட்டு நிமிடம் அரை நிமிடமாயிற்று. தாலிக்கொடி பெட்டியிலிருந்து வெளிவரவில்லை. விதைநெல்லும் உரிய நாளில் வயலுக்குச் சென்றது. அடுத்த வாரம் அம்மாணவி அக்கணினியிலேயே தட்டச்சுச் செய்த கட்டுரையொன்றைக் கொண்டுவந்தாள். அதில் ஒற்றுப்பிழைகள் சில இருந்தன. அவற்றைத் திருத்துவது கணினி வைத்தியமன்று. எனது சொந்தத் தொழில்.

பத்தியம்

மருந்துக்குப் பத்தியமும் வேண்டும். கணினி எழும்போது தாமும் கூட எழும் மென்பொருள்களுள் வேண்டாதவற்றை நிறுத்துக. "ஒரு நொடியில் வேகமாக்குவோம்" என்று விளம்பரஞ் செய்யும் மென்பொருள்களை நிறுவற்க. அவற்றுட் பல தாமே சுமையாகும், சில தீங்கும் செய்யும். பூட்டுடைத்த திருட்டுப் பிரதிகளோடு வைரசும் கூடவே வரும். இடிமின்னல் வேளையிலே மின்செருகியையும் இணையக் கம்பியையும் கழற்றுக. அடிக்கடி மின்தடைப்படும் ஊராயின், மேசைக் கணினிக்கு யூ.பி.எஸ். ஒன்று பாதுகாவலாகும்.

கைவிடத்தக்கவை

எல்லா நோயும் தீரும் என்று கூறினால் யான் போலி வைத்தியனாவேன். தாய்ப்பலகை எரிந்துபோனவையும், 2 கிகாபைற்றுக்கு மேல் நினைவகம் ஏற்காதவையும் உழைப்புக்கேற்ற பயன் தரா. 32 பிற்றுச் செயலியுள்ளவற்றின் காலமும் முடிந்துவருகின்றது; லினக்ஸ் வகைகளுட் பெயர்பெற்ற தெபியன், 2025 ஓகஸ்ட் மாதத்து 13ஆம் பதிப்போடு அவற்றில் நிறுவும் வசதியை நீக்கிவிட்டது. இவை காலத்தாற் கழிந்தவை. பற்றரி வீங்கியிருப்பின் அக்கணினியை உடனே நிறுத்துக. வீங்கிய பற்றரியைக் குத்தினாலும் நசுக்கினாலும் தீப்பற்றும்.

கைவிடுவதிலும் முறையுண்டு. ஐக்கிய நாடுகளின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டிலே உலகிற் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். அதில் முறையாகச் சேகரித்து மீளப் பயன்படுத்தியதாகப் பதிவானது நூற்றுக்கு 22.3 பங்கே. எஞ்சியதில் ஒரு பகுதி எரிக்கவும் புதைக்கவும்படுகின்றது. பழஞ்சுற்றுப் பலகைகளில் ஈயம் முதலிய நஞ்சுகள் உண்டு. கிணற்று நீரைப் பருகும் நாம், வளவின் கோடியிற் கணினியைப் புதைப்பது நமது குடிநீரையே கெடுப்பதாகும். உதவும் உறுப்புக்களைக் கழற்றி வேறொன்றுக்குக் கொடுத்து, எஞ்சியதைச் சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே முறை.

முடிவாக ஒரு விண்ணப்பம்

பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் யான் மாணவன். மண்ணெண்ணெய் அருமையாயிருந்த அக்காலத்தில், ஜாம் போத்தலில் அமைத்த சிறு விளக்கின் ஒளியிலே படித்தோம். துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர் நம் பெரியோர். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவைத்தனர். இரணைமடுக் குளமும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நமக்கு நீர் தருவது, அதன் அணையைக் காலந்தோறும் உயர்த்தியும் திருத்தியும் வந்தமையாலேயே. திருத்திப் பயன்கொள்ளுதல் வறுமையின் அடையாளம் என்று இன்றைய பிள்ளைகள் சிலர் நாணுகின்றனர். பொருளின் உள்ளமைப்பை அறிந்தவனுக்கே அதனைத் திருத்த இயலும். ஆதலால் அஃது அறிவின் அடையாளம் என்று நாம் அவர்களுக்கு உணர்த்துதல் வேண்டும்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் நம் பழைய மாணவர் பலர், "கல்லூரிக்கு என்ன அனுப்பலாம்?" என்று அன்போடு வினவுகின்றனர். புதிய கணினிகள் சில அனுப்பினும் நன்றே. ஆயின் அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு எஸ்.எஸ்.டி.களும் நினைவகங்களும் வாங்கி, விடுமுறையில் வரும்போது இரண்டு சனிக்கிழமைகளை எமக்குத் தந்தால், மாணாக்கர் தம் வீட்டுக் கணினிகளைக் கொண்டுவந்து மண்டபத்திலே தங்கள் கையாலேயே திறந்து திருத்தக் கற்பர். ஒரு புதிய கணினியின் விலையில் பல வீடுகளின் பழைய கணினிகள் எழும். அவற்றோடு, திறந்து பாராமல் தீர்ப்புரைக்கலாகாது என்னும் பாடத்தையும் பிள்ளைகள் கற்றுக்கொள்வர். அப்பாடம் கணினிக்கு மாத்திரம் உரியதன்று.

நமது கல்லூரி நீடு வாழ்க.